விட்டதற்கு ஒன்று, பிழைக்கு இரண்டு

நான் பிள்ளைகளுக்கு அடித்திருக்கிறேன். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. யாழ்ப்பாணத்தில் பத்து வருடம் கணக்கு டீச்சராக இருந்தேன். பள்ளிக்கூடம் விட்ட பிறகு பின்னேரங்களில் ஒரு ஓலைக் கொட்டிலில் டியூஷன் கொடுத்தேன். மேசையில் சோக்குப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பூவரசந்தடி எப்போதும் கிடக்கும். பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிற பெற்றோர், "கண்ணை மட்டும் விட்டுப்போட்டு மிச்சத்தை உரியுங்கோ டீச்சர்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போவார்கள். நானும் சிரிப்பேன். பிறகு அவர்கள் சொன்னபடியே செய்வேன்.

என்னிடம் ஒரு சட்டம் இருந்தது. தெரியாத கேள்வியை எழுதாமல் விட்டால் ஒரு அடி. தெரியாததைத் தெரிந்தமாதிரி எழுதிப் பிழைவிட்டால் இரண்டு அடி. தெரியாது என்று ஒத்துக்கொள்கிற பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கலாம், குருட்டுவாக்கில் எதையாவது கிறுக்குகிற பிள்ளையை ஒன்றும் செய்ய முடியாது என்பது என் வாதம். அந்த டீச்சரிடம் படித்த பிள்ளைகள் குருட்டடி அடிக்கமாட்டார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சைக் கேட்க எனக்கு உச்சி குளிரும்.

ஒருநாள் ஆமிக்காரர் துவக்குகளோடு கொட்டிலுக்குள் வந்தார்கள். மூத்த வகுப்புப் பெடியங்களைத் தலைமயிரில் பிடித்து வெளியே இழுத்தார்கள். நான் குறுக்கே போனேன். ஒருவன் மேசையில் கிடந்த என் தடியை எடுத்து, அது முறியும்வரை என் முதுகில் விளாசினான். புழுதிக்குள் கிடந்தபோதுகூட எனக்கு அடியின்மேல் வெறுப்பு வரவில்லை, அவன்மேல்தான் வந்தது. முதுகு ஆறியதும் வேலியில் வேறு தடி வெட்டிக்கொண்டேன்.

எண்பதுகளின் கடைசியில், ஒன்பது வயது மகளைக் கூட்டிக்கொண்டு லண்டனுக்கு வந்து சேர்ந்தேன். கணவர் எங்களுக்கு முன்பே வந்திருந்தார். பெட்ரோல் ஸ்டேஷனில் ஷிப்ட் வேலை. தமிழ்க் கடைகள் இருக்கிற டூட்டிங்குக்கு பஸ்ஸில் இருபது நிமிடத் தூரத்தில், ஒரு கடைக்கு மேலே ஒரு அறையும் குசினியும் எங்கள் வீடு. எனக்கு சான்ட்விச் செய்கிற பாக்டரியில் வேலை கிடைத்தது. அங்கே சூப்பர்வைசர் பெண் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டாள். விரலைச் சொடுக்குவாள். ஒரு வகுப்பையே கண்ணால் அடக்கியவள் நான். அவள் சொடுக்கும்போதெல்லாம் அவளுடைய கன்னத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். உள்ளங்கை தினவெடுக்கும். அதை அடக்கிக்கொண்டு வீட்டுக்கு வருவேன், வீட்டில் மகள் இருப்பாள்.

பள்ளிக்கூடத்தில் அவளைக் கடைசி வரிசையில் ஜன்னலோரம் இருத்தினார்கள். ஆங்கிலம் ஒரு சொல் வராது. இடைவேளையில் நாலைந்து பிள்ளைகள் சேர்ந்து படிக்கட்டில் அவளைத் தள்ளிவிட்டார்கள். பின்னலைப் பிடித்து இழுத்து, குரங்குபோலக் கத்திக் காட்டினார்கள். ஒருநாள் வாயில் அடிபட்டுச் சொண்டு வெடித்து, சட்டைக் கழுத்தில் இரத்தத்தோடு வந்தாள். திருப்பி அடித்தாயா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். ஏன் அடிக்கவில்லை என்று நானும் அடித்தேன், வெடித்த சொண்டைக்கூடப் பார்க்கவில்லை. இன்றைக்கு இதை எழுதும்போது என்னைத் தூக்கிப் போட்டு மிதிக்க வேண்டும்போல இருக்கிறது.

பின்னேரங்களில் அவளுக்கு நானே கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். இங்கே பூவரசு ஏது? முப்பது சென்டிமீட்டர் மர அடிமட்டம் ஒன்று வாங்கினேன். சட்டம் அதே சட்டம்தான்.

இரண்டு தவணை இப்படிப் போனது. பிறகு பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. மகளை ஒரு சோதனைக்குத் தெரிந்தெடுத்திருப்பதாகவும், இன்ன திகதியில் நேரத்தோடு அனுப்பும்படியும் அதில் இருந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் இல்லை, சிலருக்கு மட்டும் சோதனை என்றதும் எனக்கும் கணவருக்கும் ஒன்றுதான் ஞாபகம் வந்தது: ஊரில் ஐந்தாம் வகுப்பில் நடக்கும் புலமைப்பரிசில். கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பிரித்தெடுத்துப் பெரிய கல்லூரிக்கு அனுப்பப்போகிறார்கள் என்று நினைத்தோம். வேறு எதற்காகப் பிள்ளைகளைத் தெரிந்தெடுப்பார்கள்? கணவர் தன்னுடன் வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டார். ஒருவர் லட்டு வாங்கிக் கொடுத்துவிட்டார்.

எங்கள் பகுதிப் பள்ளிக்கூடங்களை நடத்துகிற கவுன்சிலில் அப்போது இருந்த நடைமுறை எனக்குப் பிறகுதான் விளங்கியது. வெளிநாட்டிலிருந்து வந்து, வகுப்பில் வாய் திறக்காமல் இருக்கிற பிள்ளைக்கு மூளை மந்தமா என்று பார்க்க வைக்கிற சோதனை அது. அறுபது கேள்வி. ஒவ்வொன்றுக்கும் நாலு விடை, ஒன்றைக் கீறிக் காட்ட வேண்டும். முன்பாதியில் படமும் ஆங்கிலச் சொல்லும், பின்பாதியில் எண்ணும் உருவமும். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கென்று போட்ட அட்டவணை ஒன்றில்தான் எல்லோருடைய புள்ளியையும் வைத்துப் பார்ப்பார்கள். நேற்று வந்து இறங்கிய பிள்ளைக்கு வேறு அட்டவணை கிடையாது.

எங்களுக்கு இதெல்லாம் தெரியாது. மூன்று கிழமை, இருபத்தொரு நாளும் விடிய எழுப்பி, நான் வேலைக்குப் போகுமுன் ஒரு மணித்தியாலம் அவளைப் பிழிந்தெடுத்தேன். தூங்கி விழுந்தால் அடி. பிழைத்தால் இரண்டு. அடி விழும்போது அவள் கையை இழுக்கமாட்டாள். இழுத்தால் இன்னொன்று விழும் என்று தெரியும். சோதனையன்று தலைக்கு முழுகவார்த்து, திருநீறு பூசி, நாலு பென்சிலைச் சீவிக் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போனேன். பள்ளிக்கூட வாசலில் வைத்து விரலை நீட்டிச் சொன்னேன்:

"வடிவாய், சந்தேகமில்லாமல் தெரிஞ்சதை மட்டும் செய். தெரியாததிலை கை வைச்சியெண்டால், பின்னேரம் வீட்டை வந்து காட்டுவன்."

"ஓம் அம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

இரண்டு கிழமையில் எங்களைக் கூப்பிட்டார்கள். கணவருக்கு ஷிப்ட், நான் பட்டுச்சீலை உடுத்துக்கொண்டு போனேன். தலைமையாசிரியை, கவுன்சிலிலிருந்து வந்த ஒரு அதிகாரிப் பெண், மொழிபெயர்க்க ஒரு இந்தியத் தமிழ்ப் பெண், மூன்று பேரும் இருந்தார்கள். அதிகாரி நெடுநேரம் மெதுவாகப் பேசினாள். மொழிபெயர்க்கிற பெண் என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"உங்க பொண்ணு அறுபதுல எட்டு கேள்விதான் எழுதியிருக்கா. மிச்சமெல்லாம் வெறுமையா விட்டிருக்கா. நாலு வயசுக் குழந்தையோட அறிவுதான் இருக்குன்னு இந்த அட்டவணை சொல்லுதாம். செப்டம்பர்லேர்ந்து கத்துக்க முடியாத பிள்ளைங்களுக்குன்னு இருக்கிற பள்ளிக்கூடத்துக்கு மாத்தப்போறாங்க."

விடைத்தாளைக் காட்டச் சொன்னேன். தாள் தாளாகப் புரட்டினேன். எல்லாம் வெள்ளை. கூட்டல், கழித்தல் இருந்த இடத்தில் மட்டும் எட்டுக் கீறல், எட்டும் சரி. எட்டும் சரியல்லவா என்று கேட்டேன். ஆனால் எட்டுத்தானே என்றார்கள்.

அந்தச் சோதனையை வைத்தவர்களையும் நான் சும்மா விடுவதாக இல்லை. தொட்ட எட்டையும் சரியாகச் செய்த பிள்ளையைக் கூப்பிட்டு, மிச்சத்தை ஏனம்மா விட்டாய் என்று ஒருவர் கேட்டிருக்கலாம். அங்கே படித்த மனிதர்கள் எத்தனை பேர் இருந்தார்கள், ஒருவர்கூடக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பட்டுச்சீலையோடு பஸ்ஸில் வரும்போது, இவள் என் மானத்தை வாங்கிவிட்டாள் என்பது ஒன்றுதான் மண்டைக்குள் சுழன்றது.

வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்தினேன். சீலைகூட மாற்றவில்லை. அடிமட்டத்தை எடுத்துக் காலில் தொடங்கினேன். அவள் கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் போய் ஒடுங்கினாள். இழுத்து வெளியே எடுத்தேன். "நாலு வயசோ உனக்கு? நாலு வயசோ?" என்று கேட்டுக் கேட்டு அடித்தேன். முகத்தை மறைக்கக் கையைத் தூக்கினாள், அந்தக் கையில் அடித்தேன். அடிமட்டம் இரண்டாக முறிந்து ஒரு துண்டு ஜன்னலில் போய் மோதியது. சத்தம் தாங்காமல் கீழே கடைக்காரர் தடியால் தன் கடை முகட்டைத் தட்டினார். அப்போதுதான் அவள் கத்தினாள்.

"நீங்கள்தானே அம்மா சொன்னனீங்கள், தெரியாட்டி விடச்சொல்லி!"

"அந்த எட்டுக்கு அடுத்த கேள்வி தெரியாதோ உனக்கு? அந்த வட்டமும் பெட்டியும் தெரியாதோ?"

"தெரியும் எண்டுதான் நினைச்சன். ஆனா வடிவாத் தெரியேல்லை. பிழைச்சா ரெண்டெல்லோ."

கையிலிருந்த முறிந்த துண்டைப் போட்டேன். ஒரு கொப்பியை எடுத்து அவள் முன்னால் வைத்து, ஞாபகத்தில் இருக்கிறதைக் கீறிக் காட்டு என்றேன். விம்மிக்கொண்டே கீறினாள். வீங்கிய கையால் பென்சிலைப் பிடிக்கக் கஷ்டப்பட்டாள். வட்டம், பெட்டி, தலைகீழ் முக்கோணம், எண் வரிசை என்று இருபது கேள்விக்கு மேல் கீறி, நாலு விடையையும் போட்டு, இதுதான் எண்டு நினைச்சனான் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். இரண்டைத் தவிர எல்லாம் சரி. என் பிள்ளைக்கு எல்லாம் தெரிந்திருந்தது. என் அடிக்குப் பயந்து அவள் அதைக் கீறவில்லை. ஓவென்று அழுதேன்.

அந்த முடிவுக்கு எதிராக ஒரு தடவை போய்ப் பேசப் பெற்றோருக்கு உரிமை இருந்தது. நான்கு நாளில் கூட்டம். உண்மையைச் சொல்லப்போகிறேன் என்று கணவரிடம் சொன்னேன்.

"என்னெண்டு சொல்லப்போறீர்? அடிச்சனான் எண்டோ? ரெய்னர்ஸ் லேன் பக்கம் ஒரு குடும்பத்திலை இப்பிடித்தான், கவுன்சில்காரங்கள் வந்து பிள்ளையளைத் தூக்கிக்கொண்டு போட்டாங்கள். எங்கடை அகதி வழக்கும் முடியேல்லை. வாயைப் பொத்திக்கொண்டு இரும்."

"அப்ப பிள்ளை அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகட்டோ? வாழ்க்கை முழுக்க மக்கு எண்டு எழுதி வைப்பாங்கள்."

"போகட்டும். பின்னேரம் எங்களிட்டைத்தானே திரும்பி வருவாள்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்தது. அடுப்பிலிருந்த சோற்றுப்பானையைத் தூக்கி எறிந்தேன். அது அவருடைய தோளில் பட்டுச் சுவரில் கொட்டியது. அவர் என் கன்னத்தில் அறைந்தார். கல்யாணம் கட்டி அதுதான் முதல் தடவை. நான் திருப்பி அறைந்தேன். அவருடைய கண்ணாடி விழுந்து உடைந்தது. மகள் சுவரோடு ஒட்டிக்கொண்டு எங்கள் இரண்டு பேரின் கைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு மூன்று பேரும் சாப்பிடவில்லை.

கூட்டத்துக்கு நான் தனியாகத்தான் போனேன். மகளை வகுப்பிலிருந்து கூட்டிவந்து அறைக்கு வெளியே கதிரையில் இருத்தியிருந்தார்கள். பழைய மூன்று பேரும்தான் உள்ளே. நான் தமிழில் சொல்லத் தொடங்கினேன். பிழைக்கு நான் அடிப்பேன், அந்தப் பயத்தில்தான் விட்டவள் என்று சொன்னதும், மொழிபெயர்க்கிற பெண் நிறுத்திவிட்டாள்.

"அக்கா, இதை நான் சொல்ல மாட்டேன். குழந்தையை எடுத்துட்டுப் போயிடுவாங்க. பொண்ணுக்கு அன்னிக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லிடட்டுமா?"

நல்ல மனுசி அவள். இன்றைக்கும் அவள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் உடம்பு சரியில்லை என்றால் யார் நம்புவார்கள்? ஐம்பத்திரண்டு கேள்விக்கா உடம்பு சரியில்லை? எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லப் பார்த்தேன். பத்து வருடம் டீச்சராக இருந்தவளுக்கு அந்த இடத்தில் வாய் கட்டிவிட்டது. தலைமையாசிரியையின் மேசையில் ஒரு அடிமட்டம் கிடந்தது. எடுத்தேன்.

வினாத்தாளைத் திறந்து, அவள் விட்ட கேள்வி ஒன்றைத் தொட்டுக் காட்டினேன். என் இடது உள்ளங்கையை விரித்து ஒரு அடி அடித்தேன். பிறகு பென்சிலை எடுத்து அதே கேள்விக்குப் பிழையான விடையைக் கீறினேன். இரண்டு அடி அடித்தேன். ஏனோதானோ என்று அடிக்கவில்லை, கொட்டிலில் அடிக்கிற அடி. அறைக்குள் சத்தம் கேட்டது. விட்டால் ஒன்று, பிழைத்தால் இரண்டு. மறுபடியும் செய்து காட்டினேன். உள்ளங்கை சிவந்து வீங்கியது. வெளியே மகள் இருந்த திசையைக் காட்டினேன், பிறகு என் நெஞ்சைத் தொட்டேன்.

தலைமையாசிரியை கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினாள். அதிகாரி எழும்பவில்லை. எவ்வளவு நாளுக்கு ஒருதரம் என்று என்னைப் பார்த்து நேராகக் கேட்டாள். அது எனக்கு விளங்கியது. ஒவ்வொரு நாளும் என்று நானே ஆங்கிலத்தில் சொன்னேன்.

அதிகாரி வெளியே போய் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவளுக்கு முன்னால் முழங்காலில் நின்று, அவளிடமே அனுமதி கேட்டு, சட்டைக் கையை மெதுவாக மேலே சுருட்டினாள். நாலு நாளைக்கு முந்திய அடித் தழும்புகள் ஊதாவும் மஞ்சளுமாக இருந்தன. வாத்தி வேலை பார்த்தவளுக்குத் தெரியும், எது ஒரு நாள் தழும்பு, எது நாலு நாள் தழும்பு என்று. அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் அன்றைக்குத் தெரிந்தது. மொழிபெயர்க்கிற பெண் சுவரைப் பார்த்து அழுதாள்.

அன்றைக்கே கவுன்சிலின் குழந்தைகள் பிரிவிலிருந்து இரண்டு சோஷல் வேர்க்கர்மார் காரில் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவள் அழவில்லை. அழலாமா என்று கேட்கிறமாதிரி என் முகத்தைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். கார் திரும்பும்வரை அதன் பின்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டில் கணவர் என்னோடு கதைக்கவில்லை. வேலைக்குப் போவார், வருவார், சட்டியைத் திறந்து போட்டுச் சாப்பிடுவார். ஒருநாள் மட்டும், "நீர் பிள்ளையை வித்துப்போட்டீர்" என்றார். அதற்குமேல் இரண்டு பேருக்கும் அடித்துக்கொள்ளத் தெம்பு இருக்கவில்லை.

மூன்றாம் கிழமை மகளுக்கு மறுபடி சோதனை வைத்தார்கள். எனக்கு அங்கே போக அனுமதி இல்லை. அதிகாரியே பக்கத்தில் இருந்து, தெரியாவிட்டாலும் எதையாவது கீறலாம், பரவாயில்லை என்று மொழிபெயர்த்துச் சொல்ல வைத்தாளாம். பிறகு மொழிபெயர்க்கிற பெண்ணை டூட்டிங்கில் மரக்கறிக் கடையில் கண்டபோது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "உங்க பொண்ணு மூணு தடவை கேட்டா அக்கா, தப்பாப் போட்டா இங்க எத்தனை அடின்னு. மூணு தடவையும் ஒண்ணும் இல்லைன்னு சொன்னேன். அப்புறந்தான் பென்சிலை எடுத்தா." நான் வெண்டிக்காயைப் பொறுக்குவதுபோலக் குனிந்துகொண்டேன்.

அறுபதையும் எழுதியிருந்தாள். முப்பத்தொன்பது சரி. அவள் சாதாரணப் பள்ளிக்கூடத்திலேயே படிக்கலாம், ஆங்கிலத்துக்கு மட்டும் தனியாக உதவி வேண்டும் என்று கடிதம் வந்தது. அந்தக் கடிதத்துக்காகத்தான் நான் எல்லாவற்றையும் செய்தேன். அது வந்த அன்று அவளுடைய கட்டில் வெறுமையாகக் கிடந்தது.

நாலு மாதம் அவள் கவுன்சில் ஒழுங்குசெய்த வேறு வீட்டில் இருந்தாள். பிறகு திருப்பித் தந்தார்கள். அகதி வழக்கும் ஒருமாதிரி முடிந்தது. தொண்ணூறுகளில் நாடு முழுக்க எல்லாப் பிள்ளைகளுக்கும் வயதுக்கு வயது சோதனை என்று புதிய நடைமுறை வந்தபோது, புதிதாய் வந்து ஆங்கிலம் படிக்கிற பிள்ளைகளை வேண்டுமானால் விட்டுவிடலாம் என்றார்கள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்து வாசலில் பெற்றோர் கொதித்தார்கள், எங்கடை பிள்ளையளை மட்டும் ஏன் சோதிக்கமாட்டினம் என்று. நான் அவர்களோடு சேராமல் மகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அந்தக் காலத்தில் என் மகள் அந்தச் சோதனைகளை எல்லாரோடும் இருந்து எழுதினாள். நான் பக்கத்தில் போய் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஆனால் அந்த நாலு மாதத்தில் முதல்தடவை அவளைப் பார்க்க விட்ட நாளைத்தான் எனக்கு மறக்க முடியவில்லை. மறுசோதனைக் கடிதம் வந்து இரண்டாம் நாள். ஒரு அலுவலக அறை, அரைமணி நேரம், மூலையில் சோஷல் வேர்க்கர். நடுவில் ஒரு மேசை, அதில் ஒரு தட்டில் பிஸ்கட். மகளுக்குத் தலைமயிரைத் தோளோடு வெட்டிவிட்டிருந்தார்கள். நான் நல்ல செய்திதான் கொண்டுபோயிருந்தேன்.

"பாஸ் பிள்ளை. நீ அதே பள்ளிக்கூடத்திலை படிக்கலாம்."

"எத்தினை பிழை?" என்று கேட்டாள்.

"இருபத்தொண்டு."

நான் சொல்லி முடிக்குமுன் அவளுடைய இரண்டு கையும் மேசைக்குக் கீழே போய்விட்டன. அடிக்கமாட்டன் என்று சொன்னேன். சத்தியமாய் அடிக்கமாட்டன் என்றேன். அவள் தலையை ஆட்டினாள், கை வரவில்லை. கண் மட்டும் என் கையிலேயே இருந்தது. எனக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. இரண்டு கையையும் தொடைக்குக் கீழே விட்டு, அவளுக்குத் தெரிய அதன்மேல் அமர்ந்துகொண்டேன். சுவரில் மணிக்கூடு ஓடியது. பத்து நிமிடம் இருக்கும். அவளுடைய ஒரு கை மேசைக்கு மேலே வந்தது, ஒரு பிஸ்கட்டை எடுத்தது. அரைமணி முடிந்து அவளைக் கூட்டிக்கொண்டு போகும்வரை நான் என் கையை எடுக்கவில்லை.